ஏசி எத்தனை வருடம் ஓடும் என்பதை விட, கேஸ் எங்கே போகிறது என்று பாருங்கள்

உங்கள் கேள்வி இது: ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி, வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இன்வர்ட்டர் இல்லாத வகை (கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடி, நின்று நின்று இயங்குவது). போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் வெயில் தொடங்கியதும் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தது. இந்த வருடமும் குளிர் வரவில்லை. வந்து பார்த்தவர் ‘கம்ப்ரசர் வீக், புதுசு வாங்கிடுங்க’ என்கிறார். இன்னொருவர் ‘கேஸ் போட்டால் போதும், இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்’ என்கிறார். ஏசியின் ஆயுள் எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது யாரை நம்புவது, இந்த இயந்திரத்தில் இன்னும் பணம் போடலாமா என்பதுதான் உங்களை அரிக்கும் விஷயம் என்று புரிந்துகொண்டு பதில் சொல்கிறேன்.

நான் குளிர்சாதனப் பொறியியல் படித்துவிட்டு, வெகு காலமாக வீட்டு ஏசிகளை மாட்டுவதும் பழுதுபார்ப்பதுமாக இருப்பவன். உங்கள் ஏசியில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கம்ப்ரசர் நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. நேரில் வந்தவராலும் மீட்டர் வைக்காமல் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு என்னென்ன அளந்திருக்க வேண்டும் என்பதை இங்கிருந்தே சொல்லலாம். வந்தவர்கள் அவற்றை அளந்தார்களா என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருடக் கணக்கை முடித்துவிடுவோம். ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கத்தின் பழைய அட்டவணையில் ஜன்னல் ஏசிக்கு 10 வருடம், வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கு 15 வருடம் என்று இருக்கும். இவை நடு மதிப்புகள். அதாவது, பாதி இயந்திரங்கள் அதற்கு முன்பே கழற்றப்பட்டுவிட்டன, மீதி அதற்குப் பிறகும் ஓடின. வருடத்தில் மூன்று மாதம், இரவில் மட்டும் ஓடிய ஏசியையும் நாள் முழுக்க ஓடிய ஏசியையும் ஒரே வயதாகக் கணக்கிட முடியாது. கடற்காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டிய அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில வருடங்களிலேயே தொட்டால் பொடியாக உதிரும். உள்நாட்டில் நிழலில் இருப்பது பதினைந்தைத் தாண்டியும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்பது வருடம் என்பதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: பெரிய செலவு வந்தால் நின்று யோசிக்க வேண்டிய வயது. சின்னச் செலவுக்காகத் தூக்கிப் போட வேண்டிய வயது இல்லை.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, வருடா வருடம் கேஸ் நிரப்புகிறீர்கள் என்பது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் வண்டியில் போடும் பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்தி அவுட்டோர் காயிலுக்கு, அதாவது வெளி யூனிட்டின் தகடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் குழாய்க்கு, அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. நூல் போன்ற மெல்லிய குழாய் வழியாக அழுத்தம் இறங்கி உள்ளே இருக்கும் காயிலுக்கு வருகிறது, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது, திரும்பக் கம்ப்ரசருக்கே போகிறது. மூடிய சுற்று இது. முதல் நாள் இருந்த எடை கடைசி நாள் வரை அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ‘வருஷா வருஷம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்’ என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

அதனால் உங்கள் இரண்டாவது மெக்கானிக் சொன்னது பாதிப் பதில்தான். கேஸ் போட்டால் ஏசி குளிரும், அது உண்மை. கசிவை அடைக்காமல் போட்டால் அடுத்த வருடமும் இதே நேரத்தில் இதே இடத்தில் நிற்பீர்கள். இதுவரை நிரப்பிய இரண்டு முறையும் கசிவைத் தேடியிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. இதில் எனக்குக் கோபமே உண்டு. கசிவைத் தேட நேரமாகும், சில சமயம் அரை நாள் போய்விடும். கேஸ் போட அரை மணி நேரம் போதும். வேலை அதிகமாக இருக்கும் வெயில் காலத்தில் எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கசிவு எங்கே இருக்கிறது என்பதுதான் மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்யும். ஸ்ப்ளிட் ஏசியில் நான் முதலில் பார்க்கும் இடம், உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைக்கும் செம்புக் குழாய்களின் முனையில் இருக்கும் ஃப்ளேர் நட்டுகள். குழாய் நுனியை விரித்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். விரித்த இடத்தில் சின்னக் கீறல் இருந்தாலோ, சரியாக இறுக்காவிட்டாலோ, அதிகமாக இறுக்கிப் பிளந்திருந்தாலோ மெதுவாகக் கசியும். அந்த மூட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் இடம். ஏனென்றால் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுகிறது, கசியும் இடத்தில் எண்ணெய் தங்கிவிடும். இந்தக் கசிவுக்கு ஏசியை மாற்றுவது வீண். நுனியை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் போட்டால் முடிந்தது. சர்வீஸ் வால்வின் கசிவும், ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த குழாயின் கசிவும் இதே வகைதான். சின்ன வேலை, நம்பிச் செய்யலாம்.

உள் யூனிட்டின் காயில் கசிந்தால் கதை வேறு. அந்தச் செம்புக் குழாய்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழுவதுண்டு. பெயின்ட், பசை, துப்புரவுத் திரவங்கள் போன்றவற்றின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களாகிச் செம்பை உள்ளுக்குள் சுரங்கம் போட்டபடி அரிப்பது இதற்கு ஒரு காரணம். இப்படிப்பட்ட காயிலில் ஒரு துளையைப் பற்றவைத்து அடைத்தால், கொஞ்ச காலத்தில் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். தகடுகளுக்கு நடுவே பற்றவைக்கவும் முடியாது. ஒரே வழி காயிலையே மாற்றுவதுதான். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரின் காயில் இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். ஒன்பது வருட இன்வர்ட்டர் இல்லாத ஏசிக்குப் புதுக் காயில் போட நான் பொதுவாகச் சொல்ல மாட்டேன். அவுட்டோர் காயில் உப்பில் அரித்து ஓட்டையாகியிருந்தாலும் இதே பதில்தான்.

கசிவை எப்படித் தேட வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கேஸை வெளியே விடாமல் மீட்பு இயந்திரத்தால் சிலிண்டரில் எடுக்க வேண்டும். பிறகு உலர்ந்த நைட்ரஜனை, யூனிட்டின் பெயர்ப்பலகையில் குறித்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, மூட்டுகள் எல்லாவற்றிலும் சோப்புக் கரைசல் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் தனித்தனியாகப் பிரித்து அழுத்தம் ஏற்றி, சில மணி நேரமோ ஒரு ராத்திரியோ விட்டு, எதில் அழுத்தமானியின் முள் இறங்குகிறது என்று பார்க்கலாம். இறங்கும் பக்கம்தான் கசியும் பக்கம். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனையோ, காற்றடிக்கும் கம்ப்ரசரின் காற்றையோ ஏற்ற யாரையும் விடாதீர்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், இதில் உயிர்கள் போயிருக்கின்றன.

இனி முதலாமவர் சொன்ன ‘கம்ப்ரசர் வீக்’. இந்த வார்த்தை உண்மையாகவும் இருக்கலாம், ஆராயாமல் சொன்னதாகவும் இருக்கலாம். குளிர் குறைந்த ஏசியில் கேஸ் குறைவும் கம்ப்ரசர் தேய்மானமும் மேலோட்டமாக ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டிலும் கிளாம்ப் மீட்டர் வைத்தால் கரன்ட் குறைவாகக் காட்டும். பிரிப்பது அழுத்தம்தான். கேஸ் குறைந்தால் கம்ப்ரசருக்குள் வரும் பக்கம், வெளியேறும் பக்கம் இரண்டிலும் அழுத்தம் இறங்கும். கம்ப்ரசரின் உள்பாகங்கள் தேய்ந்து அழுத்தும் சக்தி போயிருந்தால், வரும் பக்கம் அழுத்தம் ஏறியும் வெளியேறும் பக்கம் இறங்கியும் இருக்கும். ஆகவே கேஸ் சரியான அளவு இருக்கிறது என்று உறுதி செய்யாமல் கம்ப்ரசர் வீக் என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. பெயர்ப்பலகையில் எத்தனை கிராம் கேஸ் என்று எழுதியிருக்கும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேக்வம் செய்து (பம்ப் வைத்துக் குழாயின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), தராசில் எடை பார்த்து அந்த அளவைப் போட்ட பிறகும் இரண்டு பக்க அழுத்தங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருந்தால், அப்போது கம்ப்ரசரைச் சந்தேகிக்கலாம். உங்கள் கதையில் கேஸ் குறைகிறது என்பது தெரிந்த விஷயம். அதைத் தாண்டி அவர் என்ன அளந்தார் என்பதைக் கேளுங்கள்.

கம்ப்ரசர் ஓடவே இல்லை, உறுமிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர், கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன மின் பாகம். எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவுக்கும் மீட்டர் காட்டும் அளவுக்கும் வித்தியாசம் ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் போனால் மாற்ற வேண்டியதுதான். ஏசியில் இருக்கும் மலிவான பாகங்களில் அது ஒன்று. கெபாசிட்டர் போனதைக் கம்ப்ரசர் போனது என்று சொல்லி, நல்ல இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போனவர்கள் உண்டு. கம்ப்ரசரின் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே மின்கசிவு இருந்தால் மட்டும் அது திட்டவட்டமான சாவு. அதையும் மெகர் என்ற கருவியால் அளந்துதான் சொல்ல வேண்டும். எரிந்துபோன கம்ப்ரசர் எண்ணெயை அமிலமாக்கிக் குழாய் முழுக்கப் பரப்பிவிடும். நன்றாகக் கழுவி, குழாயில் அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கும் வடிகட்டி உலர்த்தியை மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். ஒன்பது வருடத்தில், உத்தரவாதக் காலமும் முடிந்திருந்து, கம்ப்ரசர் போனது நிரூபணமானால் நான் மாற்றத்தான் சொல்வேன்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு, ஒரு சாதாரண டிஜிட்டல் வெப்பமானி போதும். முதலில் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கதவு ஜன்னல்களை மூடி, மிகக் குறைந்த வெப்பநிலையிலும் அதிகபட்ச ஃபேன் வேகத்திலும் வைத்து, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். உள் யூனிட்டின் மேலே காற்று உறிஞ்சும் இடத்தில் ஒரு முறையும், குளிர்காற்று வெளியே வரும் வாயில் ஒரு முறையும் அளந்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்வர்ட்டர் இல்லாத ஏசியில் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் குளிர்விக்கும் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நாலைந்து டிகிரிதான் என்றால் கோளாறு இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஏசியின் சக்தியில் பெரும் பங்கு ஈரத்தை நீராக்குவதில் போய்விடும், அதனால் வித்தியாசம் குறையும். ஃபில்டர் அடைத்திருந்தால் காற்று மெதுவாகப் போய் வித்தியாசம் பொய்யாகக் கூடும். இன்வர்ட்டர் ஏசி மெதுவாக ஓடும்போதும் இந்த எண் பொருந்தாது. கோளாறு உண்டா இல்லையா என்பதை இது காட்டும், எங்கே என்பதைக் காட்டாது.

அதே நேரத்தில் வெளியே போய் அவுட்டோர் யூனிட்டையும் பாருங்கள். பின்பக்கத் தகடுகளில் தூசியும் பஞ்சும் படிந்து கம்பளி விரித்தாற்போல் இருந்தால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், கரன்ட் ஏறும், குளிர் குறையும். முன்னால் சுவரோ தகரமோ அடைத்திருந்தால், தான் விட்ட சூடான காற்றையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். நல்ல வெயிலில் மதியம் மட்டும் ‘கட்’ ஆகி, இரவில் ஒழுங்காக ஓடும் ஏசிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடு மடங்காத அளவு மெதுவான நீரால் கழுவினாலே பலவற்றுக்கு உயிர் வந்துவிடும். சொட்டுநீர் வடிவது பெரும்பாலும் வடிகால் குழாய் அடைப்பு. ஃபேன் மோட்டார், சென்சார், ஸ்விங் மோட்டார், ரிமோட் ரிசீவர் இவையெல்லாம் மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்கள். இவற்றுக்காக ஏசியை மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையான பிசிபி மட்டும் கொஞ்சம் சிக்கல், பழைய மாடலுக்குக் கிடைக்காமல் போகலாம். ஒயர் கருகும் வாடை வந்தாலோ பிரேக்கர் அடிக்கடி விழுந்தாலோ, திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள்.

அப்புறம், உங்கள் ஏசியில் என்ன கேஸ் இருக்கிறது என்பதைப் பெயர்ப்பலகையில் பாருங்கள். ஒன்பது வருட ஏசி என்றால் ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 மூன்றில் எதுவும் இருக்கலாம். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. 1987-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகள் அதை 2020-ல் கைவிட்டன. வளரும் நாடுகள் 2030-க்குள் கைவிட வேண்டும், அதன் பிறகு பழைய இயந்திரங்களைப் பராமரிக்க மட்டும் சிறு அளவு அனுமதி உண்டு. எனவே உங்களுடையது ஆர்-22 ஆக இருந்து, கசிவு காயிலில் இருந்தால், மாற்றும் பக்கம் தராசு நன்றாகச் சாய்ந்துவிடும். ஆர்-410ஏ, ஆர்-32 என்றால் கேஸை நினைத்து அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் கசிவைச் சும்மா விடக்கூடாது. ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான சூடேற்றம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு வருடமும் நீங்கள் நிரப்பியதெல்லாம் காற்றில்தான் கலந்திருக்கிறது.

ஒரு கேஸுக்கு வடிவமைத்த இயந்திரத்தில் வேறு கேஸைப் போட்டுச் சமாளிப்பதாக யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள். ஆர்-410ஏ ஓடும் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம், எண்ணெய் வகையும் வேறு. ஆர்-22 இயந்திரம் அதைத் தாங்காது. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் அதற்கென்று வடிவமைத்த ஏசியில் நல்ல கேஸ். பழைய ஏசியில் ஊற்றினால், எளிதில் தீப்பற்றும் வாயுவைத் தீப்பொறி வரக்கூடிய சுவிட்சுகளுக்குப் பக்கத்தில், படுக்கையறையில் வைத்திருப்பதாக ஆகும்.

மின்கட்டணத்தைக் காட்டி ‘புதுசு வாங்கினால் அதுவே விலையை மீட்டுத் தந்துவிடும்’ என்பது எல்லாருக்கும் பொருந்தும் பேச்சு இல்லை. எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது. மாதிரிக்கு ஒரு கணக்கு போடுகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் ஓடும்போது 1.7 கிலோவாட் அளவு இழுக்கும். அறை குளிர்ந்ததும் நின்று நின்று ஓடுவதால் நேரத்தில் 60 சதவீதம் கம்ப்ரசர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஒரு யூனிட். அதே குளிர்ச்சியை நல்ல இன்வர்ட்டர் ஏசி 0.65 யூனிட் அளவில் தரலாம். மணிக்கு மிச்சம் 0.35 யூனிட். வருடத்துக்கு 2,000 மணி நேரம் ஓட்டினால் 700 யூனிட் மிச்சம், 300 மணி நேரம் ஓட்டினால் நூறு யூனிட் கொஞ்சம் தாண்டும். இதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, புது ஏசியின் விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். முதல் ஆளுக்குச் சில வருடங்களில் விலை திரும்பலாம், இரண்டாவது ஆளுக்கு அந்த ஏசியின் ஆயுளுக்குள் திரும்பாது.

இந்தக் கணக்கில் உறுதியில்லாத பகுதி எது என்றும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு ஒரு யூனிட், 60 சதவீதம் என்பதெல்லாம் அறைக்கு அறை மாறும். மற்ற சாதனங்களை அணைத்துவிட்டு மின்மீட்டரை இரவு படுக்கும்போதும் காலையிலும் குறித்தால் உங்கள் சொந்த எண் கிடைத்துவிடும். கசிவைச் சரிசெய்து, முழுக் கேஸ் போட்ட பிறகு அளந்தால்தான் நியாயமான ஒப்பீடு. கேஸ் குறைந்த ஏசி நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் மின்சாரத்தை வீணாக்கும், அந்த நிலையில் அளந்தால் புது ஏசி உண்மையில் இருப்பதை விட லாபமாகத் தெரியும். புது ஏசியின் பெட்டியில் இருக்கும் குளிர்ச்சி அளவு பொதுவாக வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற சோதனை நிலையில் எடுத்தது. வெளியே 42 டிகிரி இருக்கும் மதியத்தில் அதே குளிர்ச்சி வராது. வயதாக ஆக வருடத்துக்கு இத்தனை சதவீதம் திறன் குறையும் என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள், அதையும் நான் நம்புவதில்லை. நான் பார்த்த வரை திறன் குறைவில் பெரும்பகுதி அழுக்காலும் கேஸ் குறைவாலும் வருகிறது, இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

சரி, உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? இன்னொரு முறை வெறும் கேஸ் போட ஒரு பைசாவும் தர மாட்டேன். நைட்ரஜன் சோதனைக்கு மட்டும் பணம் கொடுத்து, கசிவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். ஃப்ளேர் மூட்டிலோ வால்விலோ குழாயிலோ இருந்தால் சரிசெய்து, வேக்வம் செய்து, எடை பார்த்துக் கேஸ் போட்டு, மூன்று நான்கு வருடம் நிம்மதியாக ஓட்டுவேன். காயிலில் இருந்தால் மாற்றுவேன். கேஸ் முழுதாக இருந்தும் அழுத்தம் ஏறாமல் கம்ப்ரசர் போனது தெரிந்தால் மாற்றுவேன். நன்றாகத் தேடியும் கசிவு கிடைக்கவில்லை, ஆனால் கேஸ் குறைகிறது என்ற நிலைதான் சிரமமானது. அப்போது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பேன். ஒரு முழு வெயில் காலத்தைத் தாண்டாவிட்டால் மாற்றம்தான். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்று ஒரு பொது விதி சொல்வார்கள். மோசமான விதி இல்லை, ஆனால் பழுது எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அது கேட்பதில்லை. காயிலில் போட்ட ஒட்டு விலையில் மலிவு, அடுத்த வருடம் மறுபடி வரும்.

மாற்றுவது என்று முடிவானால் அதே ஒன்றரை டன்னைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒன்பது வருடத்தில் கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்டிருக்கலாம், மேற்கு ஜன்னல் பெரிதாகியிருக்கலாம், மேலே இன்னொரு மாடி வந்திருக்கலாம். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் போகாது, குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். பழைய செம்புக் குழாயை அப்படியே பயன்படுத்துவதாகச் சொன்னால், அதன் விட்டமும் சுவர்த் தடிமனும் புது ஏசி கேட்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆர்-22 ஓடிய குழாய் என்றால் புதுக் குழாயே போடச் சொல்லுங்கள், பழைய எண்ணெய் உள்ளே தங்கியிருக்கும். மாட்டும் நாளில் வேக்வம் பம்ப் கொண்டுவந்து, அளவுமானியில் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தில் மிஞ்சும் அழுத்தத்தின் அளவு) கீழே இறக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே குழாயின் காற்றை வெளியேற்றிவிட்டு வேலையை முடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே தங்கும் காற்றும் ஈரமும் புதுக் கம்ப்ரசரின் ஆயுளை முதல் நாளிலேயே குறைத்துவிடும். ஆர்-32 தீப்பற்றும் தன்மை உள்ளது என்பதால் அந்த முறை ஆபத்தும்கூட.

மேலே சொன்ன இருபது நிமிடச் சோதனையைத் தவிர, கசிவு தெரிந்து ஒரு முடிவுக்கு வரும் வரை இப்போது இருக்கும் ஏசியை ஓட்டாதீர்கள். கம்ப்ரசரின் சூட்டை எடுத்துப் போவதும், அதன் எண்ணெயைத் திரும்பக் கொண்டுவருவதும் சுற்றி வரும் கேஸ்தான். கேஸ் குறைந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டினால், இன்று நன்றாக இருக்கும் கம்ப்ரசரும் முதல் மெக்கானிக் சொன்னது போலவே ஆகிவிடும்.